மட்டிப் பழத்துக்குப் போர்வை எது?

2023-ஆம் ஆண்டு கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்குளம், விளவங்கோடு பக்கம் கைப்பிள்ளைக்கு மசித்துக் கொடுக்கிற பழம். வாசத்தைச் சொல்லவே வேண்டாம். பேர் கிடைத்தாச்சு, ஆனால் பழம் தூரப் பயணம் தாங்க மாட்டேன் என்கிறது. தோல் அவ்வளவு மெலிசு. வெளியூர் இயற்கை அங்காடிக்காரர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் சீப்பைத் தட்டில் வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி அடுக்குகிறார்கள். ஒரு வருஷம் ரசாயனம் தொடாமல் வளர்த்த குலைக்குக் கடைசியில் பெட்ரோலியச் சட்டை!

இதற்கு மாற்றாக, தின்னக்கூடிய படலம், மட்கும் படலம் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். நம்மைப் போன்ற விவசாயிக்கு இதில் என்ன பயன், எங்கே ஏமாறுவோம் என்று கணக்குப் பார்த்தேன். வங்கியில் இருந்த பழக்கம், விடாது.

முதலில் பழத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெட்டிய குலையும் மூச்சு விடுகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் ஈரத்தையும் வெளியே விடும். கூடவே எத்திலீன் என்ற வாயுவையும் விடும். ஒரு பழம் பழுத்தால் பெட்டி முழுக்கப் பழுப்பதற்கு அதுதான் காரணம். தோல்மேல் மெல்லிய படலம் ஒன்று பூசினால் மூச்சு மெதுவாகும், ஈரம் போவது குறையும், பழுப்பது சில நாள் தள்ளிப்போகும். ஆனால் தடிமனாகப் பூசினால் பழம் மூச்சு முட்டி உள்ளுக்குள்ளே புளித்துச் சாராய வாடை வந்துவிடும். தொழில்நுட்பத்தின் சூட்சுமம் எல்லாம் அந்தத் தடிமனில்தான் இருக்கிறது.

இது புதுசா என்றால் இல்லை. சீனத்தில் பல நூற்றாண்டுக்கு முன்பே ஆரஞ்சுக்கு மெழுகு பூசியிருக்கிறார்கள். நம்ம ஊரில் துவரைக்குச் செம்மண் கட்டி வைத்தார்களே, அது என்ன? உளுந்தில் விளக்கெண்ணெய் தடவி வைத்தது? முட்டைக்கு எண்ணெயோ சுண்ணாம்புத் தண்ணியோ பூசினால் ஓட்டிலுள்ள நுண்துளை அடைபடும், முட்டை கூட நாள் நிற்கும். எல்லாமே படலம்தான், பேர்தான் வைக்கவில்லை. திருக்கார்த்திகைக்குத் திரளி இலையில் கொழுக்கட்டை அவிக்கிறோம். பொதியும் அதுவே, மணமும் அதுவே. கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, தோவாளைப் பூவுக்கு இலையும் வாழைநாரும். உள்ளூர் விற்பனைக்கு இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை என்பதே என் கட்சி. வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோகிற குலைக்குப் படலம் எதற்கு? வாழைச்சருகு போதும். தூரம் போகிற சரக்குக்குத்தான் யோசிக்க வேண்டும்.

பழத்தின் மேல் எதை வேண்டுமானாலும் பூசிவிட முடியாது. புதிய பழம், காய்கறிக்குத் தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றைத் தேவையான அளவுக்கு மட்டும் பூசலாம், பூசியதை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கார்னோபா பிரேசில் நாட்டு ஒருவகைப் பனையின் ஓலையில் கிடைப்பது. அரக்கு ஒரு பூச்சியிடமிருந்து வருகிறது. தேன்மெழுகு நம் மார்த்தாண்டத்திலேயே உண்டு. ஆனால் ஒன்று: நம்ம தேனீக்காரர்கள் அடையை உடைக்காமல் சுற்றி எடுத்து மறுபடி பெட்டியிலேயே வைக்கிறார்கள். தேனுக்கு அது நல்லது. மெழுகு கொஞ்சம்தான் மிஞ்சும்.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் பூஞ்சையைத் தடுக்கும் என்று கொண்டாடுகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் இயற்கை அங்காடிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சைவம். சொல்லாமல் பூசுவது துரோகம், சொன்னால் வாங்க மாட்டார்கள். கடல்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மன்னார் வளைகுடாக் கரையில் அதற்கான பாசி கிடைக்கிறது.

அமெரிக்காவில் ஏப்பீல் என்ற நிறுவனம் தாவர எண்ணெய்க் கொழுப்பிலிருந்து பூச்சு செய்து விற்கிறது. 2023-இல் அதைப்பற்றி ஒரு பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. அதே பேரில் வேறொரு நாட்டில் விற்ற தரை துடைக்கும் திரவத்தின் எச்சரிக்கைத் தாளை இதனோடு ஒட்டிவிட்டார்கள்! நம்ம இயக்கத்து ஆட்களும் அனுப்பினார்கள். எதிர்க்க வேறு நியாயமான காரணங்கள் உண்டு: பழைய பழத்தைப் புதிதுபோல் காட்ட வியாபாரிக்கு வசதி என்பது ஒன்று. பொய்க் காரணம் நமக்கு வேண்டாம்.

சான்று பெற்றவர்கள் எதைப் பூசினாலும் முன்கூட்டியே சான்றளிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆகாது.

அடுத்தது மட்கும் பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப்பையும், உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தடை. அதன்பிறகு ‘மட்கும்’ என்று பச்சை மையில் அச்சடித்த பைகள் பெருகின. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வகை மட்கத்தான் செய்யும், ஆனால் 60 டிகிரி அளவுக்குச் சூடேறுகிற தொழிற்சாலை உரக்குவியலில். வயல் ஓரத்துக் குப்பைக்குழியில் அப்படியே கிடக்கும். சில பைகள் துண்டு துண்டாக உடையும். மண்ணில் பொடிப் பிளாஸ்டிக் மிஞ்சும். பையில் ஐ.எஸ். 17088 என்ற தர எண்ணும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

மரச்சீனியில் படலம் செய்வது வீட்டிலேயே நடக்கும். கிழங்கைத் துருவிப் பிழிந்து, தண்ணீரை மாற்றி மாற்றித் தெளியவைத்த மாவு 50 கிராம், தண்ணீர் 1 லிட்டர், உணவுத்தரக் கிளிசரின் 15 கிராம். கிண்டிக்கொண்டே சூடாக்கினால் கஞ்சி கண்ணாடிபோல் தெளியும். எவர்சில்வர் தட்டில் மெலிசாக ஊற்றி நிழலில் காயவைத்து உரித்தெடுக்கலாம். கிளிசரின் குறைந்தால் அப்பளம்போல் நொறுங்கும். நான் செய்ததில் கருப்பட்டித் துண்டும் எள்ளுருண்டையும் சுற்றி வைத்தேன், தாளோடு தின்றார்கள் பேரப்பிள்ளைகள். கோடையில் நன்றாக நின்றது. ஆனி, ஆடிச் சாரலில் பிசுபிசுத்துவிட்டது. மாவுச்சத்து ஈரம் குடிக்கும். இரண்டு மழை பெய்கிற நம் மாவட்டத்தில் அதுதான் பெரிய தடை. கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்தால் ஈரம் தாங்கும், ஆனால் மெழுகையும் கஞ்சியையும் பிரியாமல் கலப்பது வீட்டு மிக்சியில் சரிவரவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து போய் அன்றே திரும்பலாம். மரச்சீனி மாவுப் படலத்தில் அங்கே வேலை நடந்திருக்கிறது. தனி ஆளாகப் போவதைவிட உற்பத்தியாளர் குழுவாக நாலுபேர் சேர்ந்து போனால் மரியாதையாகப் பேசுவார்கள்.

அதுவரைக்கும் வீட்டில் தேன்மெழுகுத் துணி செய்து பழகலாம். பழைய பருத்தி வேட்டித்துண்டில் மெழுகைச் சீவித் தூவி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த தட்டில் விரித்தால் 65 டிகிரிக்குள் உருகிப் பரவும். கறிவேப்பிலை, கீரை, வெட்டிய தேங்காய்மூடி எல்லாம் சுற்றி வைக்கலாம். பச்சைத் தண்ணியில் கழுவணும், வெந்நீர் பட்டால் மெழுகு போயிரும். மெழுகைக் கடையில் வாங்காமல் தேனீ வளர்ப்பவரிடமே கேளுங்கள். தேன்வாசம் துளியும் இல்லாமல் வழுவழுவென்றிருக்கிற கட்டியில் பாரபின் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.