கல்லூரிக் கணக்குகள் – 9: விசாவை நம்பிய பட்ஜெட்

கனடாவில் கல்வி மாகாண அரசின் பொறுப்பு. விசா கொடுப்பதோ ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு. இந்த இரண்டு அரசுகளுக்கும் நடுவில் ஒன்டாரியோவின் கல்லூரிகள் மாட்டிக்கொண்டு முழித்த கதைதான் இந்த வாரம்.

2019இல் டக் ஃபோர்டின் மாகாண அரசு, உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஏற்றவும் விடவில்லை. பெற்றோருக்கு மகிழ்ச்சிதான். ஆனால், குறைந்த வருமானத்தை அரசு மானியமாக ஈடுகட்டவில்லை. சம்பளமும் பராமரிப்புச் செலவும் ஏறிக்கொண்டே போக, நிர்வாகங்கள் வெளிநாட்டு மாணவர்கள் பக்கம் திரும்பின. உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு அவர்களிடம் வாங்கலாம்.

எந்த அளவுக்குத் திரும்பின? மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் 2021இல் அரசுக் கல்லூரிகளின் கணக்கைப் புரட்டினார். 2020-21இல் மாணவர்களில் வெளிநாட்டவர் 30 சதவீதம். கட்டண வருமானத்தில் அவர்கள் பங்கு 68 சதவீதம்! அந்த வெளிநாட்டவரிலும் 62 சதவீதம் பேர் இந்தியர்கள். ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று அறிக்கை அன்றே எச்சரித்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காதில் போட்டுக்கொள்ள அவர்களுக்கு என்ன அவசியம்? பணம் கொட்டியது. கிச்சனர் நகரின் கோனஸ்டோகா கல்லூரி 2023-24இல் மட்டும் 25 கோடி டாலர் உபரி காட்டியது. அதே ஊரில் வாடகைக்கு அறை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

2024 ஜனவரி 22. குடியேற்றத் துறை அமைச்சர் மார்க் மில்லர் உச்சவரம்பை அறிவித்தார். அந்த ஆண்டு சுமார் 3,60,000 கல்வி அனுமதிகள்தான், முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு மாகாணத்தின் சான்றுக் கடிதமும் கட்டாயம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தைக் கொடுக்க மாகாணங்களில் ஏற்பாடே இல்லை. மார்ச் 31க்குள் உருவாக்கச் சொன்னார்கள். மே, செப்டம்பர் சேர்க்கைக்கு மாணவர்கள் பணம் கட்டும் நேரத்தில் கோப்புகள் அப்படியே நின்றன. கடைசியில் வழங்கப்பட்ட அனுமதிகள் உச்சவரம்பைக்கூட எட்டவில்லை. 'கனடா கதவைச் சாத்திவிட்டது' என்று பேச்சு பரவினால், தகுதியுள்ளவரும் வேறு நாடு பார்க்கப் போய்விடுவார் அல்லவா?

இங்கேதான் பட்ஜெட்காரர்களின் தலைவலி தொடங்குகிறது. ஓர் உதாரணக் கணக்கு: நான்காண்டுப் பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 1,000 பேர் சேர்ந்த இடத்தில் 600 பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆண்டு 400 பேரின் கட்டணம் குறையும். அடுத்த ஆண்டும் 600தான் என்றால் குறைவது 800 பேரின் கட்டணம். நான்காம் ஆண்டில் 1,600. ஈராண்டு டிப்ளமோ நடத்தும் கல்லூரிகளிலோ அடி இரண்டே ஆண்டில் முழுதாக விழும். ஆசிரியர்களையும் கட்டடத்தையும் அந்த வேகத்தில் குறைக்க முடியாது.

ஆகவே படிப்புகளை வெட்டினார்கள். ஷெரிடன் கல்லூரி 40 படிப்புகளை நிறுத்திவைத்தது. நம் தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவின் சென்டெனியல் கல்லூரி 49 படிப்புகளை நிறுத்திவைத்தது. இத்தனைக்கும், உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 5 சதவீதம் ஏற்றலாம் என்று மாகாணமே அமைத்த நிபுணர் குழு 2023 நவம்பரில் சொல்லியிருந்தது. மாகாணம் அதை ஏற்காமல், மூன்றாண்டுகளுக்கு 130 கோடி டாலர் தருவதாகச் சொன்னது.

என்னைக் கேட்டால், ஒட்டாவா வரம்பு வைத்ததைக் குறைசொல்ல மாட்டேன். அவசரமாக வைத்ததுதான் தப்பு. பெரிய குற்றவாளி மாகாண அரசு. தான் கொடுக்க வேண்டிய பணத்தைப் பஞ்சாபிலும் குஜராத்திலும் நிலத்தை அடமானம் வைத்த குடும்பங்களிடமிருந்து வசூலிக்க விட்டுவிட்டு, அதற்குச் 'சிக்கனம்' என்று பெயர் வைத்தது.

வரம்பு இன்னும் இறுகியிருக்கிறது. 2026இல் புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒட்டாவா வைத்திருக்கும் இலக்கு 1,55,000. பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அந்தப் படிப்பு அடுத்த ஆண்டும் நடக்குமா, அதை முடித்தால் வேலை அனுமதி கிடைக்குமா? ஏஜென்ட் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

(அடுத்த வாரம்: கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறிய லாரன்ஷியன் பல்கலைக்கழகம்)