காளிகாட்டில் நான் கற்றுக்கொண்டது

என் நாத்தனார் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறாள். பெயர் கொல்கத்தா என்று மாறி எத்தனையோ வருஷமாயிற்று; எங்கள் வீட்டில் இன்னும் கல்கத்தாதான். 2019 பிப்ரவரியில் அவள் பையனுக்குக் காதுகுத்து என்று போயிருந்தோம். பக்கவாதம் வந்து படுக்கையோடு இருந்த என் மாமியாரை ஒரு வாரத்துக்கு ஓரகத்தியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். உண்மையைச் சொல்லி விடுகிறேனே, ரயில் ஏறியதும் 'அப்பாடா' என்றிருந்தது.

காளி கோயிலை ஒட்டியே இருக்கிறது 'நிர்மல் ஹிருதய்'. யாத்ரீகர்கள் தங்கும் சத்திரமாக இருந்த இடத்தை நகராட்சி கொடுக்க, மதர் தெரசா 1952-ல் ஆரம்பித்த இல்லம். கேட்பாரில்லாமல் தெருவில் கிடப்பவர்களைக் கொண்டு வந்து, கடைசி வரை வைத்துப் பார்க்கிறார்கள். என் நாத்தனார் வாரம் ஒருநாள் அங்கே உதவிக்குப் போகிறாள். "அண்ணி, நாளைக்கு நீங்களும் வாங்களேன்" என்றாள். வேடிக்கை பார்க்கிற எண்ணத்தில்தான் போனேன்.

பெண்களுக்குத் தனிக் கூடம். வரிசையாகத் தாழ்வான கட்டில்கள். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் சிஸ்டர்கள். ஆளுக்கு மூன்றே சேலைதானாம். அதையும் டிட்டாகரில் தொழுநோயாளிகள் தறியில் நெய்து தருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த காலேஜ் பிள்ளைகள் அழுக்கு விரிப்புகளைத் தொட்டியில் கையாலேயே துவைத்துப் பிழிந்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் வீட்டுப் பெண்கள் பார்க்க வேண்டும்! (என் மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

என் கையில் ஒரு தட்டு, குழைந்த சோறும் பருப்பும். எலும்பும் தோலுமாக ஒரு பாட்டி. நான் பழக்கப்படி ஸ்பூன் மேல் ஸ்பூனாக ஊட்டினேன். நாலாவது வாயில் பாட்டி உதட்டை இறுக்கிக்கொண்டாள். "பிடிவாதம்! எங்க அத்தை மாதிரியே" என்று நாத்தனாரிடம் முணுமுணுத்தேன்.

கேரளத்து சிஸ்டர் ஒருவர் காதில் அது விழுந்துவிட்டது. மலையாளம் கலந்த தமிழில், "பிடிவாதம் இல்லை அம்மா, முதல் வாயே இன்னும் இறங்கலை. ஸ்பூனைப் பார்க்காதீங்க, தொண்டையைப் பாருங்க. ஏறி இறங்கினப்புறம் அடுத்த வாய்" என்றார். பாட்டியின் முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக நிமிர்த்தி, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, அரை ஸ்பூன் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தத் தட்டு காலியாக முக்கால் மணி ஆயிற்று. அதற்குப் பிறகும் படுக்க வைக்கவில்லை. அரைமணி உட்கார்ந்தே இருக்க வேண்டுமாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டில் ஸ்கூல் வேன் வருவதற்குள் பத்தே நிமிஷத்தில், பாதி படுத்த வாக்கில் அத்தைக்கு ஊட்டி முடிப்பேன். அந்த வருஷம் இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தோம். குளிர் காற்று என்று நினைத்திருந்தேன். ஊருக்கு வந்து டாக்டரிடம் கேட்டேன். பக்கவாதக்காரர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், அவசரமாக ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும் என்றார். விழுங்குவதை அவர் சோதித்துப் பார்த்து, தண்ணீரைக்கூடக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்; நான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

அந்த இல்லத்தைப் பற்றிக் குறை சொன்னவர்களும் உண்டு. வலிக்குத் தக்க மருந்து கொடுப்பதில்லை என்று 1994-ல் 'லான்செட்' என்ற இங்கிலாந்து மருத்துவ இதழிலேயே வந்தது. அதை நான் மறுக்கப் போவதில்லை. அன்போடு மருந்தும் வேண்டும்தானே? ஆனால் சோறு ஊட்ட எனக்குத் தெரியாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, அதற்கு முன் "அத்தை, திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுவது, இதெல்லாமும் அங்கே பார்த்ததுதான். சொல்லாமல் தொட்டால் அந்தப் பாட்டிகள் திடுக்கிட்டுப் போகிறார்கள்.

ஸ்கூல் வேனுக்கு இவரைப் போகச் சொல்லிவிட்டேன். முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டது. நாத்தனார் காலையில் போன் செய்து, "அம்மா சாப்பிட்டாச்சா அண்ணி?" என்பாள்.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். ஒன்பது மணிக்கு மேல பேசு" என்பேன்.