பழைய தழும்பைச் சொல்லுங்கள்

போன வாரம் குடல்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைப் பார்த்தோம். அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியை யாரும் அறியாத காலத்தில் வயிற்றில் கத்தி வைத்துக்கொண்டவர்களைப் பற்றி இந்த வாரம்.

நாகர்கோவில் ரயிலில் வந்து திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் வயதானவர்கள் நிறைய. 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பெரிய வியாதி என்றால் அங்குள்ளவர்கள் பலருக்குத் திருவனந்தபுரம்தான். இவர்களில் சிலருக்கு நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு தழும்பு இருக்கும். அல்சர் ஆபரேஷன்.

வடக்கைவிடத் தெற்கில்தான் குடல்புண் மிக அதிகம் என்று ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1960-களிலேயே எழுதினார். உணவுதான் காரணம் என்பது அவர் வாதம். அமிலத்தை அடக்கும் சிமெடிடின் 1976-இல்தான் விற்பனைக்கு வந்தது. அதுவரை முற்றிய புண்ணுக்கு ஆபரேஷன்தான் வழி. அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு தைத்துவிடுவார்கள். சிலருக்கு இரைப்பையிலேயே ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த சிகிச்சை அது.

ஆனால் சிறுகுடலின் அந்தப் பகுதி அமிலத்தைத் தாங்காது. நரம்பு அரைகுறையாக வெட்டுப்பட்டிருந்தாலோ, கிருமி மிச்சமிருந்தாலோ, பீடி தொடர்ந்தாலோ, மூட்டுவலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, தையலை ஒட்டிக் குடல் பக்கமாகப் புதுப் புண் வரும். பல வருஷம் கழித்தும் வரும். அது ரத்தக்குழாயை அரித்தால் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போலக் கறுத்த மலம். சிலருக்கு வலியே இராது, எழுந்து நின்றால் தலை சுற்றும், அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய கவலை இங்கேதான். இரைப்பையை வெட்டியவர்களுக்கு இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுவார்கள். அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும். "மாத்திரைக் கறுப்புதானே" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு மேலும் எவ்வளவு இழக்க முடியும்?

எண்டோஸ்கோப்பி செய்யும் டாக்டருக்கும் இவர்கள் வயிறு வேறு மாதிரி. தைத்த இடத்தில் குடலின் இரண்டு வாய்கள் தெரியும். ஒன்று பித்தம் வரும் வழி, மற்றது சாப்பாடு இறங்கும் வழி. இரண்டிலும் நுழைந்து தேட வேண்டும். ரத்தம் தேங்கிக் கிடக்கும் வயிற்றில், பழைய ஆபரேஷன் இன்னது என்று முன்பே தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதில் தடுமாற்றம் இராது. புண்ணைக் கண்டதும் ஊசி போட்டோ க்ளிப் மாட்டியோ சூடு வைத்தோ ரத்தத்தை நிறுத்துவார்கள். பல வருஷம் ஆன மிச்ச இரைப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் உண்டு என்பதால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். அதை மறுக்க வேண்டாம்.

மலம் கறுத்துத் தலை சுற்றினால் தம்பானூர் ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள். நாகர்கோவில்காரர்களுக்கு ஆசாரிப்பள்ளத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராத்திரியானாலும் அங்கே போய், முதல் வார்த்தையாகத் தழும்பைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்திருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்றாவது சொல்லுங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. வயிற்று ஆபரேஷனைச் சொல்லி, கூடவே அமிலம் அடக்கும் மாத்திரை வேண்டுமா என்று இதய டாக்டரிடம் கேட்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரையை மட்டும் இன்றைக்கே விட்டுவிடலாம்.