ஈரம் காட்டும் கருவி என்ன சாதித்தது?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம், மண்ணின் ஈரத்தைக் காட்டும் ஒரு சின்னக் கருவியை உருவாக்கியிருக்கிறது. அதன் இரண்டு கம்பிகளையும் பயிரின் வேர்ப்பக்கம் மண்ணில் குத்தினால் ஒரு விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம். பச்சை என்றால் இப்போதைக்குப் போதும். ஆரஞ்சு வந்தால் தண்ணீர் விடலாம். சிவப்பு எரிந்தால் உடனே மோட்டாரைப் போட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம் என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சரி, இதனால் எவ்வளவு பலன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "போன வருஷம் 30 தண்ணி பாய்ச்சினேன், இந்த வருஷம் 24தான்" என்று ஒருவர் சொன்னதும், 6 தண்ணீர் மிச்சம் என்று எழுதிவிடக் கூடாது. இந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருக்கலாம். கருவியோடு சொட்டுநீரும் போட்டிருந்தால் மிச்சத்தில் பெரும்பங்கு அதனுடையதாக இருக்கலாம். ஒரே மண்ணில், ஒரே ரகத்தை, ஒரே நாளில் நட்ட இரண்டு வயல்கள் வேண்டும். ஒன்றில் கருவியைப் பார்த்துப் பாய்ச்சல், மற்றதில் வழக்கப்படி. கடைசியில் இரண்டின் கரும்பையும் எடை போட வேண்டும். தண்ணீர் குறைந்து விளைச்சலும் குறைந்தால் என்ன லாபம்? மண்ணில் மின்சாரம் பாய்வதை வைத்து ஈரத்தைக் கணிக்கும் கருவிகள், உப்பு ஏறிய நிலத்தில் ஈரத்தைக் கூட்டிக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிடச் சிக்கலானது கிணற்றடியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். பல இணைப்புகளில் மீட்டரே கிடையாது. தண்ணீரைக் குறைத்தாலும் கரண்ட் செலவில் விவசாயிக்குக் காசு மிஞ்சாது. எவ்வளவு மின்சாரம் குறைந்தது என்ற கணக்கும் கிடைக்காது. மும்முனை மின்சாரம் எப்போது போகுமோ என்ற பயம் உள்ள ஊரில், விளக்கு பச்சை காட்டினாலும் கரண்ட் இருக்கும்போதே பாய்ச்சிவிடலாம் என்றுதான் விவசாயிக்குத் தோன்றும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியே மிச்சம் பிடித்தாலும், அந்தத் தண்ணீரை நம்பி இன்னொரு அரை ஏக்கரில் வாழை வைப்பார். குடும்பத்துக்கு வருமானம் கூடும்; அது நல்ல பலன்தான். ஆனால் போர்வெல்லின் நீர்மட்டம் பழையபடியே இறங்கும். வருமானம், நிலத்தடி நீர் இரண்டையும் தனித்தனியாகத்தான் கணக்கெடுக்க வேண்டும்.

ஆகவே, எத்தனை கருவிகள் கொடுத்தோம் என்ற பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கருவி கொடுக்கும் முன்பே கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில், கருவி வாங்காத பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள்.