மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

பழனியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் கீபோர்டு கற்கிறாளாம். ஐந்து கோட்டுத் தாளில் ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே பென்சிலால் எழுத்தைக் குறித்துக்கொண்டுதான் வாசிக்கிறாளாம். இது சரியா என்று கேட்கிறார்.

ஆர்மோனியம் பழகிய ஊருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற இந்த ஐந்து கோட்டு முறை அந்நியமே அல்ல. அதில் இருப்பது வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணும் நம் கட்டைக் கணக்குதான். தொடக்கத்தில் சுருண்டு நிற்கும் ட்ரெபிள் கிளெஃப், கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஐந்து கட்டை. அங்கிருந்து இடைவெளி, கோடு, இடைவெளி என்று ஏறினால் ஆறு, ஏழு, மறுபடி ஒன்று. இறங்கினால் நான்கு, மூன்று. இரண்டு கட்டை அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கும். அதற்கும் கீழே உள்ள ஒரு கட்டைக்குத் தனியாக ஒரு குட்டிக் கோடு.

எனக்கு மிகப் பிடித்த விந்தை ஒன்று உண்டு. பாடகர்களிடம் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரைக் கட்டை எல்லாம் கேட்டிருப்பீர்கள். மூன்றரை கிடையாது, ஏழரையும் கிடையாது. அந்த இரண்டு இடங்களில் மட்டும் கறுப்புக் கட்டை இல்லை. அடுத்த வெள்ளைக் கட்டையே அரை தூரத்தில் வந்துவிடுகிறது. தாளிலோ எல்லாப் படிகளும் ஒரே உயரம்! இந்த நெருக்கத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, காதுதான் பிடிக்க வேண்டும். ஒன்றாம் கட்டையை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறிப் பாருங்கள், சங்கராபரணம். க-ம, நி-ஸ நெருங்கும் இடங்கள் அவையே. பாடத் தெரிந்த குழந்தைக்கு அது தொண்டையிலேயே இருக்கிறது.

பென்சில் எழுத்து வேண்டாம். பழனி பேருந்து நிலையத்தில் 'கொடைக்கானல்' என்ற பலகையை நான் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். நோட்டும் அப்படிப் பழக வேண்டும். கீழே எழுத்து இருந்தால் கண் எழுத்தைத்தான் தேடும். கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரே மாதத்தில் பத்துப் பாட்டு என்று விளம்பரம் செய்யும் வகுப்புகள் பெருகிவிட்டது எனக்கு வருத்தமே. இத்தனைக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் நமக்குப் புதிதல்ல. 1893-இலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் தியாகராஜர் கீர்த்தனைகளை இந்த ஐந்து கோடுகளில் எழுதி அச்சிட்டார். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இந்த நொட்டேஷனைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனியை இசைக்குழு வாசித்ததும் இதே நொட்டேஷனைப் பார்த்துத்தான்.

அம்மா, அந்தப் பென்சில் குறிகளை அழித்துவிடுங்கள். தினமும் புதிதாக ஒரு வரி போதும். முதலில் பாடட்டும், பிறகு வாசிக்கட்டும்.