கடையில் கிடைக்காத சாக்கெட்டை நாமே செய்துகொள்வது

மளிகைக்காரருக்கு ஸ்பானரோடு என்ன வேலை என்று கேட்பவர்கள், பொங்கலுக்கு முந்தின வாரம் மாவு மெஷின் நின்றுபோன கடைக்காரரிடம் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். நமது உறுப்பினர்களில் பலர் கடையோடு சேர்த்து மாவு மெஷினும் மிளகாய் மெஷினும் வைத்திருக்கிறார்கள். சிலர் எண்ணெய்ச் செக்கும் ஓட்டுகிறார்கள். மெஷின் நின்றால் ரிப்பேர்க்காரர் ஆற்காட்டிலிருந்தோ ஆரணியிலிருந்தோ வந்தாக வேண்டும். வந்தவரும் நட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பானர் கிடையாதுங்க" என்று திரும்பிப் போவதை நாம் கலவையில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

ஸ்பானர் ஏன் கிடைப்பதில்லை? இது வியாபாரிகளுக்கு எளிதில் புரியும் கதைதான். 1956-ல் மெட்ரிக் எடையளவுச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக அமலுக்கு வந்தது. நம் தகப்பனார்கள் சேரையும் வீசையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிலோவுக்கு மாறினார்கள். எடைக்கல்லைச் சோதிக்க அதிகாரி வந்தார், அதனால் மாறினோம். நட்டு போல்ட்டைச் சோதிக்க யார் வந்தார்கள்? 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் வகுத்த அங்குலக் கணக்கு, பழைய டீசல் இன்ஜின்களிலும் அரைவை மெஷின்களிலும் அப்படியே தங்கிவிட்டது. ராஜ்கோட்டிலிருந்து வந்த லிஸ்டர் வகை இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. விட்வொர்த் ஸ்பானரில் 1/2 என்று போட்டிருந்தால் அது ஸ்பானர் வாயின் அகலம் அல்ல, போல்ட் தண்டின் கனம். வாயின் அகலம் 0.92 அங்குலம், அதாவது 23.4 மி.மீ. இன்றைய 23 ஸ்பானர் அதில் ஏறாது. 24 ஸ்பானர் ஏறும், ஆனால் ஆடும். 3/8 போல்ட்டுக்கு மட்டும் நம் அதிர்ஷ்டம், வாய் ஏறக்குறைய 18 மி.மீ. வருவதால் 18 ஸ்பானரே பிடித்துக்கொள்ளும்.

அரை மில்லிமீட்டர்தானே என்று 24-ஐப் போட்டு எம்பினால் நட்டின் ஆறு முனையும் மழுங்கிவிடும். பிறகு பைப் ரிஞ்ச், அதற்குப் பிறகு உளி. நமக்குத் தெரிந்த ஒரு மில்லில் இப்படித்தான் உளி வைத்து வெட்டப்போய், தண்டின் மரையும் சேர்ந்து போயிற்று. தண்டைக் கழற்றி ராணிப்பேட்டை லேத்துக்கு அனுப்பி மரை போட்டு வாங்கி வருவதற்குள் பண்டிகை முடிந்துவிட்டது. அரைக்க வந்த ஜனங்கள் வேறு மில்லுக்குப் பழகிக்கொண்டார்கள். நட்டின் விலை பத்து ரூபாய் இருக்கலாம். போன வாடிக்கைக்கு விலை சொல்ல முடியுமா?

ஆகவே மெஷினுக்கு ஏற்ற சாக்கெட்டை ஓய்வு நாளில் செய்து வைத்துக்கொள்வது நல்லது. இதற்குப் பெரிய பட்டறை வேண்டியதில்லை.

முதலில் ஆறு பக்க நட்டுக்கான பாக்ஸ் ஸ்பானர். இதைக் கொல்லுப் பட்டறையில் அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று, கழற்ற வேண்டிய நட்டின் அளவிலேயே தலையுள்ள ஒரு போல்ட், இரண்டும் போதும். குழாயின் உள்விட்டம் நட்டின் அகலத்தைப்போல 1.1 மடங்கு இருக்க வேண்டும். 23.4 மி.மீ. நட்டுக்கு 26 மி.மீ. அளவில் பார்த்து எடுக்கலாம். குழாய் முனையைச் சிவக்கக் காய்ச்சி, போல்ட் தலையை உள்ளே அடித்து இறக்கி, வெளியிலிருந்து ஆறு பக்கமும் சீராகத் தட்டி வந்தால் குழாய் அறுகோணமாகப் படிந்துவிடும். சூடு இருக்கும்போதே போல்ட்டை உருவிவிட வேண்டும், ஆறவிட்டால் கவ்விக்கொள்ளும். மறுமுனையில் குறுக்கே துளை போட்டு ஒரு கம்பியைச் செருகினால் திருப்புவதற்குக் கைப்பிடி ஆயிற்று. தண்ணீருக்குப் போடும் வெள்ளைக் குழாயை மட்டும் உலையில் வைக்கவே கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் கண்டுவிடும். பூச்சில்லாத கறுப்புக் குழாய்தான் வேண்டும்.

மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷெட்டுகளில் பழைய மர டிரம்களுக்குச் சதுரத் தலை போல்ட் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதற்கும் இதே முறைதான். ஆறுக்குப் பதில் நான்கு பக்கம் தட்ட வேண்டும், அவ்வளவே.

அடுத்து, வட்டமாக இருந்து ஓரத்தில் இரண்டோ நான்கோ பள்ளம் மட்டும் வெட்டியிருக்கும் நட்டு. இதை எல்லாரும் உளியால் தட்டித்தான் கழற்றுகிறார்கள். பள்ளம் சிதைந்து பல்லில்லாத வாயாகிவிடுகிறது. நட்டின் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி வெள்ளைக் காகிதத்தை வைத்து அழுத்தினால் பள்ளங்களின் அச்சு அப்படியே விழும். அதைக் குழாய் முனையில் ஒட்டி, பள்ளம் உள்ள இடத்தில் பல்லை விட்டுவிட்டு மற்றதை அரத்தால் ராவி எடுத்துவிட வேண்டும். பல் பள்ளத்தின் அடிவரை இறங்க வேண்டும். நுனியில் மட்டும் பிடித்தால் வழுக்கும்.

மூன்றாவது ஆலன் போல்ட், அதாவது தலைக்குள்ளே ஆறு பக்கக் குழி உள்ளது. இதற்குச் செய்வது மிகச் சுலபம். 10 மி.மீ. ஆலன் கீயில் இரண்டு அங்குலம் வெட்டி 10 மி.மீ. சாக்கெட்டில் செருகிக்கொண்டால் முடிந்தது வேலை. வெட்டும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். இரும்பு நீலம் பூத்துவிட்டால் பதம் இறங்கி, திருப்பும்போது முறுக்கிக்கொள்ளும். இங்கே ஒரு வேடிக்கை: உலகம் முழுக்க மி.மீ. சாக்கெட் விற்கிறார்கள், ஆனால் ராட்செட் மாட்டும் சதுரத் துளை மட்டும் இன்றும் 1/4, 3/8, 1/2 என்று அங்குலத்தில்தான் இருக்கிறது. எடைக்கல்லில் இப்படி ஒரு சலுகை நமக்குக் கிடைத்ததில்லை!

உயரம் குறைந்த நட்டில் சாக்கெட் வழுக்கினால் வேறு வேலையே வேண்டாம். சாக்கெட்டின் வாயில் உட்புறம் சரிவாகச் சீவியிருப்பார்கள். அந்தச் சரிவு போகும்வரை சாணையில் வைத்துத் தட்டையாகத் தேய்த்தால் நட்டை முழுதாகப் பிடிக்கும். ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்துவரும் மலிவான சாக்கெட் இதற்குப் போதும். நல்ல செட்டிலிருந்து எடுத்துக் கெடுக்க வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் இல்லாமல் சாணையில் நிற்கக் கூடாது.

குழாயில் செய்தது மெல்லிரும்பு, பதம் ஏறாது. அதற்கு இன்னொரு பைப்பை நீட்டி மாட்டி ஏறி மிதித்தால் விரிந்து, கைதான் போய் மெஷினில் மோதும். அதிக பலம் வேண்டிய திருகுமுனைக்கு லாரி ஸ்பிரிங் பட்டைதான் சரி. காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெள்ளச் சூடேற்றி ஊதா நிறம் வரும்போது நிறுத்த வேண்டும். தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி போல் உடையும். பழைய அரத்தில் செய்யலாம் என்பார்கள். நாம் அதை ஒப்புக்கொள்வதில்லை. சில்லு தெறித்துக் கண்ணில் பட்டால் யார் பொறுப்பு?

சாவி செய்யத் தெரிந்தவருக்கு எல்லாப் பூட்டையும் திறந்து பார்க்கத் தோன்றும். எலக்ட்ரானிக் தராசின் அடியில் உள்ள திருகுக்கும், மின்வாரிய மீட்டர் பெட்டிக்கும் யாரும் சாக்கெட் செய்யப் புறப்பட வேண்டாம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன்படி தராசை ரிப்பேர் செய்ய உரிமம் பெற்றவர்தான் தொட வேண்டும். முத்திரையும் ஆண்டுக்கு ஒருமுறை போட்டாக வேண்டும். தூசி தட்டத்தான் திறந்தேன் என்று முத்திரை ஆய்வாளரிடம் சொன்னால் எடுபடாது. முத்திரை அறுந்த தராசை வைத்திருக்கும் கடைக்காரரைப் பற்றி ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

செய்து முடித்த சாக்கெட்டில் எந்த மெஷினுக்கு, எந்த நட்டுக்கு என்று பெயின்டில் எழுதி, அந்த மெஷினுக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஆணியில் மாட்டிவிடுங்கள். கல்லாப் பெட்டிக்குள் போட்டால் பையன் அதைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிடுவான்.