விரல் நீட்டும் வயது

ஒரு வயதைக் கடந்த குழந்தை ஜன்னலுக்கு வெளியே பூனையைக் கண்டால் விரல் நீட்டிக் காட்டும். காட்டிவிட்டு, அம்மாவும் அதைப் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கும். அதற்குப் பூனை வேண்டியதில்லை. தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் கூட்டுக் கவனம் என்று சொல்லும் இந்தப் பழக்கம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பெரும்பாலும் தாமதமாகிறது. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாதது, டாட்டா காட்டாதது, பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருப்பது ஆகியவையும் அறிகுறிகளே. இவற்றில் ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் ஆட்டிசம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் வந்த பேச்சு மறைந்துபோனால், அது ஒன்றுக்காகவே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த அறிகுறிகள் எளிதில் கவனம் தப்பிவிடுகின்றன. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வளரும் குழந்தை பாட்டியிடம் தமிழும் தாஸ்கா என்னும் குழந்தைக் காப்பகத்தில் மலாயும் ஆங்கிலமும் கேட்கிறது. பேச்சு வரவில்லையென்றால் மூன்று மொழிக் குழப்பம் என்பார்கள். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்பார்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சி கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்வது மோசமான ஆலோசனை. குழந்தையிடம் அதிகம் பேசும் பாட்டியின் வாயைத்தான் அது அடைக்கும்.

மலேசிய அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் 18 மாதக் குழந்தைக்கு எம்-சாட் என்னும் வினாப்பட்டியல் பயன்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் டயானா ராபின்ஸும் சக ஆய்வாளர்களும் 2001-இல் 23 கேள்விகளுடன் வெளியிட்ட இது, 2014-இல் திருத்தப்பட்டு 20 கேள்விகளானது. திருத்திய வடிவம் 16 முதல் 30 மாத வயதினருக்கானது. அதில் 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் பெற்றோரிடம் விவரமாக மறுபடி கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே நிபுணரிடம் அனுப்பலாம். இது சல்லடை மட்டுமே, நோய் நிர்ணயம் அல்ல. அவசரத்தில் யோசிக்காமல் தாய் குறித்துவிட்டால் சல்லடை சரியாக வேலை செய்யாது. பகல் முழுதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரையும் கேட்டு நிரப்புவது நல்லது.

இதைவிட முன்பே கண்டறிய முடியுமா? வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் பிறர் கண்களைப் பார்க்கும் நேரம் 2 முதல் 6 மாதத்துக்குள்ளேயே குறையத் தொடங்கியிருந்தது. கருவி கொண்டு அளந்த வேறுபாடு அது. வீட்டில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அத்தகைய வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

உதவியைத் தொடங்க இறுதி அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பேக்ட் என்ற பிரிட்டிஷ் முறையில், பெற்றோர் குழந்தையோடு விளையாடும் காணொளியைப் பயிற்சியாளர் அவர்களுடனேயே அமர்ந்து பார்க்கிறார். குழந்தை கரண்டியைத் தட்டினால் உடனே பாடம் நடத்தாமல், காத்திருந்து தானும் தட்ட அம்மா பழகுகிறார். சிறு வயதுக் குழந்தைகள் 152 பேர் பங்கேற்ற ஆய்வில், இந்தப் பயிற்சியின் பலன் சுமார் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்ததாக 2016-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அதே முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் நடத்தியபோது, பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் மேம்பட்டது. சிகிச்சையாளர்கள் போதாத இடங்களுக்கு இதுவே முக்கியமான செய்தி.

மலேசியாவில் உதவி தேடுவோருக்கு, செந்தூலில் ஜீனியஸ் குர்னியா என்னும் அரசு மையம் உள்ளது. பெற்றோரும் நிபுணர்களும் சேர்ந்து தொடங்கிய நாசோம் என்னும் ஆட்டிசச் சங்கத்துக்குப் பல மையங்கள் உண்டு. தனியார் சிகிச்சைச் செலவுக்கு வருமான வரிச் சலுகை இருக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு அதனால் பயனில்லை. ராவாங்கில் உள்ள ஐடியாஸ் ஆட்டிசம் மையம் அத்தகைய குடும்பங்களை மனத்தில் வைத்து 2012-இல் தொடங்கப்பட்டது.